கத்தி நீந்த ஒரு தொட்டி

இன்று காலை பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெய் காந்திவிட்டது. அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு அந்த வீட்டுப் பெண் வாசலில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். புகை சுவர் தாண்டி நம் புறவாசலுக்கு வந்ததும், அரிந்துகொண்டிருந்த வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டு, "மூடியப் போடுங்க, மொதல்ல மூடியப் போடுங்க" என்று கத்திக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. கொடியில் என் சேலைதான் சாரலில் மறுபடி நனைந்துகொண்டிருந்தது. நீங்கள் போய் இந்த ஆடியோடு பத்து மாதம் ஆகிறது. என் காலுக்கு அது இன்னும் தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வாழைக்காய் கறுத்துப் போயிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, உங்கள் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து இதை எழுத ஆரம்பித்தேன். உங்களுக்கு நான் கடிதம் எழுதியது ஒரே ஒரு தடவைதான். மகளைப் பெறுவதற்கு இலஞ்சியில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கார்டு போட்டேன். நீங்கள் பதில் போடவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தபோது அந்தக் கார்டையே கையோடு கொண்டுவந்தீர்கள், மூன்று இடத்தில் சிவப்பு மையால் திருத்தி. ஊரார் பத்திரங்களை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டால் அப்படித்தான். இப்போது திருத்த ஆளில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் குற்றாலத்தில் பெரிய அருவியில் ஆரம்பித்தது. வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் சண்டை போட்ட காலம். அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உங்கள் பேனாக்கத்தியை இடுப்பு மடிப்பில் சொருகியபடியே அருவிக்குள் போனீர்கள். பத்திரத்தில் மை சொட்டினால் சுரண்டியெடுக்கவும், பென்சில் சீவவும், மாங்காய் நறுக்கவும், சமயத்தில் முதுகு சொறியவும் நீங்கள் வைத்திருந்த சீமைக் கத்தி அது. அருவி விழுகிற விழுகையில் நீங்கள் வெளியே வந்தபோது வேட்டி மிஞ்சியிருந்ததே பெரிய காரியம். சாயங்காலம் வரை பாறை இடுக்கெல்லாம் கைவிட்டுத் தேடினீர்கள். அருவிக்கரைக் குரங்குகள் மேல்கூடச் சந்தேகப்பட்டு ஒன்றின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தீர்கள்.

மறுநாள் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு கடை விடவில்லை. எல்லாக் கடைக்காரரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"கப்பல் வரட்டும் ஐயா."

"கப்பல் வார மட்டும் நான் என்னத்த வச்சுச் சுரண்ட? பல்ல வச்சா?" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டீர்கள். கப்பலை நான்தான் நிறுத்தி வைத்திருந்ததுபோல.

அந்தக் கோபத்தில்தான் சொந்தமாகக் கத்தி செய்வது என்று முடிவெடுத்தீர்கள். மரவாடியிலிருந்து தேய்ந்துபோன பழைய அரம் ஒன்றை வாங்கிவந்தீர்கள். கத்திக்கு அரத்தை விட நல்ல இரும்பு இல்லையென்று யாரோ சொன்னார்களாம். கொல்லப்பட்டறை ஆசாரியிடம் போய் அவர் கழித்துப்போட்ட சின்னத் துருத்தியைக் கேட்டு வாங்கினீர்கள். அவர் துருத்தியைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

"ஐயா, அடிக்கது யாரு வேணும்னாலும் அடிக்கலாம். தோய்ச்சல்லதான் இருக்கு சங்கதி."

தீயில் சிவந்த கத்தியைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ முக்கி இறுகவைப்பதற்குத் தோய்ச்சல் என்று பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்பதை நீங்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எதில் தோய்ப்பது என்று ஆசாரியைக் கேட்டீர்களாம். தொட்டியில் என்றாராம். எந்த மாதிரித் தொட்டி என்றீர்களாம். "அது அவங்கவங்க தொட்டி" என்றாராம். மனிதர் தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று வீட்டுக்கு வந்து பொருமினீர்கள். அவர் வாய் நிறைய வெற்றிலை இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கினீர்கள், என் செப்புக் குடத்தில். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோயில் மணி மாதிரி நல்ல நாதம் என்று சந்தோஷப்பட்டீர்கள். வெளியே எடுத்தால் கத்தி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் வேண்டும் என்று அப்போது புரிந்தது. அடுத்த நாள் நான் கோயிலுக்குப் போய்வருவதற்குள், எங்கள் அம்மா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவில் வீட்டிலிருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றி இரண்டாவது கத்தியை இறக்கிவிட்டீர்கள்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டீர்கள். "ஏட்டி, இங்கன வந்து பாரு. வெள்ளி மாதிரி மினுங்குது."

வந்து பார்த்தேன். கத்தி மினுங்கத்தான் செய்தது. அண்டாவுக்குள் போன மாசம் பூசிய ஈயம் ஒரு பக்கமாக உருகி, கத்தியில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. அண்டாவின் உள்பக்கம் தேமல் விழுந்த முதுகுபோல இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் காலையில் அடுப்படி மேடையில் ஒரு தாள் இருந்தது. உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு விடுதலைப் பத்திரம். 'மேற்படி வீட்டின் அடுப்படிக்குட்பட்ட அண்டா, குண்டா, உருளி, வாணலி, கரண்டி முதலிய சகல பாத்திரங்களிலும் இன்று முதல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தீர்கள். சாட்சி இரண்டு பேருக்கு இடம் விட்டிருந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியைக் காலி பண்ணப் போய்விட்டீர்கள். பத்திரத்தில் மாட்டுத்தொட்டியைப் பற்றி ஒன்றும் இல்லைதான்.

கல்தொட்டியில் ஆழம் போதாது. கத்தியைப் படுக்கவைத்து இறக்கினீர்கள். அது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வளைந்து வந்தது. பிறகு செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு மலைமூங்கில் வந்தது, என் தொடை தடிமனுக்கு. அதில் ஒரு கணுவுக்கு மேலே வெட்டி, கணுவை அடியாக வைத்துக் குழாய்போல் நிறுத்தினீர்கள். கத்தி நட்டுக்க, செங்குத்தாக இறங்கும், எண்ணெயும் கொஞ்சம் போதும் என்று கணக்கு. நல்ல கணக்குதான். சிவந்த கத்தி உள்ளே போனதும் மூங்கில் வாயிலிருந்து தீபாவளிப் புஸ்வாணம் மாதிரி ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பியது.

அந்த நேரம் பார்த்துத்தான் இலஞ்சியிலிருந்து என் தம்பி, தோளில் ஒரு வாழைக்குலையோடு புறவாசல் வழியாக உள்ளே வந்தான். தன் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைச் சொல்ல வந்தவன். நெருப்பு அடங்கும் மட்டும் குலையை இறக்காமல் நின்று பார்த்தான்.

"அத்தான், இது என்ன, வாணம் விடுததா?"

"கத்தி செய்யுதேன்" என்றீர்கள், முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு.

"வெளங்கிச்சு. தவசுப்பிள்ளை வேற, நல்ல கத்தி இல்லாம கல்யாணச் சமையலுக்கு வரமாட்டேங்காரு. அவருகிட்ட இருக்கதெல்லாம் தேஞ்சு ஈர்க்குச்சி ஆயிட்டாம். கடையில கேட்டா கப்பல் வரட்டும்ங்கான். நீங்களே ஆறு கத்தி செஞ்சு தாங்களேன், அத்தான்."

அவன் கேலியாகத்தான் சொன்னான். அது எனக்குத் தெரியும், மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆறு போதுமா?" என்றீர்கள்.

அவன் முகம் மாறியது. "நெசமாவா? அப்ப நான் வேற எங்கனயும் சொல்லல அத்தான். ஒங்கள நம்பித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிரவு படுத்தபடியே கணக்குப் போட்டேன். கத்தி விரிசல் விட்டாலும் வளைந்தாலும் இதுவரை நம் புறவாசலோடு போயிற்று. இனிமேல் அது என் பிறந்த வீட்டில், சம்பந்தக்காரர்கள் முன்னால், நாலு பந்திக்குக் காய் நறுக்கவேண்டிய நேரத்தில் வளையும். என் தம்பி சின்ன வயதிலிருந்தே உங்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டான். தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். வாழ்நாள் முழுக்கச் சொல்வான்.

கார்த்திகையில் காலி மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்தீர்கள். மேலே வாயைத் தட்டி விரித்து, பாதி அளவுக்கு எண்ணெய் ஊற்றினீர்கள். அதற்கு மேல் எண்ணெய் கிடைக்கவில்லை. மூன்று கத்திகளை அடித்துத் தயாராக வைத்திருந்தீர்கள். நான் அடுப்படி வாசலில் புளி கரைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கத்தி இறங்கியது, புகைந்தது, வெளியே வந்தது. அரத்தால் உரசிப் பார்த்தீர்கள். அரம் பிடிக்கவில்லை, வழுக்கியது. அப்படி வழுக்கினால்தான் கத்தி இறுகிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவதும் வழுக்கியது. உங்கள் நடையே மாறிவிட்டது. மூன்றாவதை உரசினால் அரம் வெண்ணெயில் போவதுபோல் அறுத்துக்கொண்டு போனது. உடனே அதை மறுபடி பழுக்கக் காய்ச்சி மறுபடி இறக்கினீர்கள். எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. சூட்டில் தகரத்தின் ஈயப் பற்றவைப்பு விட்டு அடிப்பாகம் கழன்றது. எரிகிற எண்ணெய் கிணற்றடி வாய்க்காலில் கோடாக ஓடி, முருங்கை மரத்தடியில் போய் நின்று எரிந்தது. நான் புளிக்கரைசலைத்தான் கொண்டுபோய் ஊற்றப் பார்த்தேன். நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தி மண்ணை அள்ளிப் போட்டீர்கள். எல்லாம் அடங்கியபோது உங்களுக்குப் புருவம் இரண்டும் இல்லை.

மறுநாள் பத்திரப் பதிவுக் கச்சேரி வாசலில் பத்திரம் எழுத வந்த ஒருவர் உங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம். "அண்ணாச்சி, பண்பொழி மலைக்கு நேர்ந்துகிட்டியளோ? தலைய விட்டுட்டுப் புருவத்த மட்டும் மொட்டை போட்டிருக்கியளே."

அதை நீங்களே வந்து சொன்னீர்கள். சொல்லும்போது சிரிக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, "முடியாதுன்னு ஒன் தம்பிகிட்டச் சொல்லிரலாம்" என்றீர்கள். இருபது வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து முடியாது என்கிற சொல்லை நான் கேட்டதில்லை. புருவம் இல்லாததால் உங்கள் முகம் சின்னப் பிள்ளை முகம்போல் இருந்தது. புருவம் இருந்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, அண்டா போன நாளிலிருந்து பேசுவதில்லை என்று வைத்திருந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தேன்.

"ஒண்ணு கேட்கட்டா?"

"கேளு."

"மொதக் கத்தி இறுகிச்சு. ரெண்டாவதும் இறுகிச்சு. மூணாவது ஏன் இறுகல?"

"இரும்பு மட்டம்."

"மூணும் ஒரே மரவாடி அரம்தான?"

நீங்கள் திருப்பிய முகத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நான் அதிரசம் சுடுதேன். மாவப் போடப் போட எண்ணெ சூடு எறங்கும். நான் தீய ஏத்துவேன். நீங்க மாவா போடுதிய? தீத்துண்டுல்லா போடுதிய. ஒவ்வொண்ணு போடும்போதும் ஒங்க எண்ணெ சூடு ஏறும். மூணாவது கத்திக்குப் போகும்போது அது எண்ணெயில்ல, அடுப்பு. அடுப்புக்குள்ள முக்கினா எது ஆறும்?"

விளக்கெண்ணெய் சொட்டுவதைக்கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்தீர்கள்.

"அப்ப அண்டாவுல நெறய எண்ணெதான இருந்துச்சு?" என்றீர்கள். அந்தப் பெயரை எடுக்க உங்களுக்குத் துணிச்சல் வந்ததைக் கவனித்துக்கொண்டேன்.

"அண்டா அகலம். ஒங்களுக்கு வேணும்ங்கது ஆழம். கத்தி நட்டுக்க எறங்கணும், அடியில முட்டக் கூடாது. எறங்கினப்புறம் முன்னயும் பின்னயும் நீந்தணும். ஒரே எடத்துல நின்னா அதச் சுத்தி இருக்க எண்ணெ மட்டும் கொதிச்சுப் போகும். ஈயப்பத்து இல்லாத கெட்டி இரும்பா இருக்கணும். தீப்பிடிச்சா மூட மூடி வேணும்."

"நீந்ததுக்குக் கத்தி என்ன மீனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

நாலாம் நாள் சாப்பிடும்போது, ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "நான் யோசிச்சுப் பாத்தேன். ஆழமான தொட்டிதான் வேணும். எண்ணெ நெறய இருக்கணும். கத்திய உள்ள ஆட்டணும். எனக்கு இன்னிக்குத்தான் பட்டுச்சு."

நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

ஆழமான, கெட்டியான இரும்புப் பாத்திரம் எங்கே கிடைக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தம்பியின் தோட்டத்தில் ஆயில் இஞ்சின் வைத்ததிலிருந்து, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கமலையின் இரும்புச் சால் சும்மா கிடந்தது. முழங்காலுக்கு மேல் உயரம், மேலே அகலம், அடி குறுகல். அடியில் தண்ணீர் விடும் தோல்வால் கட்டுகிற ஓட்டை மட்டும் உண்டு. அவனிடம் போய்க் கேட்கவேண்டுமே என்பதுதான் உங்களுக்குக் கசந்தது. வண்டியில் இலஞ்சி போய்ச் சேரும் மட்டும், "நீ கேளு" என்று நீங்களும், "கத்தி யாரு செய்யுதா?" என்று நானும் வந்தோம்.

கேட்டதும் அவன் குடித்துக்கொண்டிருந்த இளநீர் மூக்கில் ஏறிவிட்டது. "ஆறு கத்திக்கு ஒரு கமலைச் சாலா? அத்தான், கத்தி செய்யுதியளா, நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சுதியளா?"

"ஒன் மக கல்யாணத்துக்குத்தாம்லே. சிரிக்காம எடுத்துக் குடு. போன வருஷத்துத் தேங்காயெண்ண காறிப்போய்க் கெடக்குன்னியே, அந்த ரெண்டு தகரத்தையும் வண்டியில ஏத்து" என்றேன் நான். நீங்கள் தென்னந்தோப்பைப் பார்த்தபடி நின்றீர்கள். நான் பேசும்போதெல்லாம் உங்களுக்குத் தென்னை மரத்தில் ஏதாவது பார்க்கவேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் காறல் எண்ணெய் தளும்பித் தளும்பி வண்டியெல்லாம் வழிந்தது. முருகன் கோயில் பக்கம் ஒரு பெரியவர் தகரங்களைப் பார்த்துக் கைகூப்பி, "விளக்குக்கா? புண்ணியம்" என்றார். நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா" என்று தலையசைத்தீர்கள். கோயில் தாண்டியதும் நான் உங்கள் தொடையில் கிள்ளினேன். "கத்தின்னு சொன்னா இங்கயும் நின்னு சிரிப்பான்" என்றீர்கள்.

ஆசாரி சாலின் ஓட்டைக்கு ஒரு தடித்த தகடு வைத்து ஆணி அறைந்து கொடுத்தார். என்ன தொட்டி என்று இந்தத் தடவை அவர்தான் கேட்டார். "இது எங்க தொட்டி" என்று சொல்லிவிட்டு வந்ததாக நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டி, சாலைப் பாதி புதைத்து, சுற்றி மணல் கொட்டி அசையாமல் நிறுத்தினோம். இனி எண்ணெய் ஓடினாலும் மணலோடு நிற்கும். மூடிக்கு என் பழைய இரும்புத் தோசைக்கல்லை நானே கொண்டுவந்து கொடுத்தேன். பத்திரத்தை மீறி நீங்கள் கேட்க முடியாதல்லவா.

தோய்ச்சலுக்குக் குறித்த நாள் மார்கழிக் காலை. தொட்டியைத் திறந்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கம்பியைச் சொருகினால் நட்டுக்க நின்றது.

"இதச் சூடு பண்ணணும்" என்றேன்.

"சூட்ட ஆத்தத்தான் எண்ணெ. அந்த எண்ணெயவே சூடாக்கச் சொல்லுதியே, ஒனக்கே இது நல்லாருக்கா?"

"உருகினாத்தான எண்ணெ ஓடும்? ஓடினாத்தான கத்தியச் சுத்தி வரும்? சும்மா உருகினாலும் பத்தாது, நல்லா எளகணும். வெரல் வச்சாப் பொறுக்கணும். அம்புட்டுச் சூடு போதும்."

நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஓர் இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே போட்டீர்கள். எண்ணெய் மெல்லக் கண்ணாடியாகியது. நான்தான் விரலை வைத்துப் பார்த்தேன். தலையசைத்தேன்.

முதல் கத்தியை இறக்கினீர்கள். முன்னெல்லாம் சீறிய எண்ணெய் இந்தத் தடவை லேசாக முனகியது. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை நேராக முன்னும் பின்னும் ஆட்டினீர்கள். மேலே ஒரு சின்ன நீலத் தீ எட்டிப் பார்த்தது. நான் பயத்தில் தோசைக்கல்லைத் தூக்கி உங்கள் குறட்டோடு சேர்த்து மூடிவிட்டேன். "கைய எடுக்க விடுட்டி" என்று அலறினீர்கள். அதற்கப்புறம் எப்போது மூட வேண்டும் என்று எனக்கும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கும் கணக்கு வந்துவிட்டது. ஆறு கத்தி இறங்கியது. ஆறிலும் அரம் வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் நீங்கள், "வழுக்குது" என்று என்னிடம் சொன்னீர்கள். ஆறாவதுக்கு, என்னை விட்டுவிட்டு மாட்டிடம் போய்ச் சொன்னீர்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைத் துவைக்கிற கல்லில் நழுவவிட்டீர்கள். அது அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "முறுகிப்போச்சு" என்றேன். எனக்கு வேறு சொல் தெரியவில்லை. கொஞ்சம் தணிக்க வேண்டும் என்று தோன்றியது. பொரி வறுக்கிற மணலைச் சட்டியில் போட்டுக் காய்ச்சி, மிச்சக் கத்திகளை அதில் புதைத்தோம். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, கல்லில் தேய்த்து நிறம் பார்த்தீர்கள். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிடச் சொன்னது மட்டும் நீங்கள்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு என் மேல் குறை சொல்லக் கூடாது. உடைந்ததற்குப் பதில் இன்னொன்று அடித்து, பொங்கலுக்கு முன் ஆறையும் முடித்தோம்.

கல்யாணத்தன்று நீங்கள் பந்தலில் இல்லை. பெண்ணுக்கு அத்தை மாமா என்று நம்மைத் தேடுகிறார்கள். நீங்கள் சமையல் கொட்டகையில் சேனைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். தாலி கட்டுகிற கொட்டு உங்கள் காதில் விழவேயில்லை. நானும் பாதி மனசோடுதான் அட்சதை போட்டுவிட்டு ஓடி வந்தேன். தவசுப்பிள்ளை பெரிய ஆள், பேச்சு குறைவு. சேனையை நறுக்கினார். தடியங்காயைப் பிளந்தார். வாழைக்காய் ஒரு கூடை தீர்ந்தது. ஒவ்வொரு காய்க்கும் நடுவில் கத்தி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நீங்கள் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் என் தம்பியும் வந்து நின்றான்.

"எப்படி இருக்கு?" என்று அவன்தான் கேட்டான். அவன் குரலிலும் கேலி இல்லை.

"கத்தி நல்லாத்தான் இருக்கு" என்றார் தவசுப்பிள்ளை. கொஞ்சம் நிறுத்தி, "காறல் எண்ணெ வாசம் மட்டும் அடிக்கு. புளி போட்டுத் தேய்ச்சாப் போயிரும். அண்ணாச்சி, இந்த ஆறையும் நானே வச்சுக்கிடட்டா?"

நீங்கள் அங்கிருந்த ஒரு மூட்டையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அது தேங்காய் மூட்டை, இருந்தும் உட்கார்ந்தீர்கள்.

தம்பிக்குத் தாங்கவில்லை. "எப்படி அத்தான் புடிச்சிய இத? அந்தத் தொட்டி, எண்ணெ, எல்லாம்?"

நான் உங்களுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெர்மன் முறை. ஒரு புஸ்தகத்துல பாத்தேன்" என்றீர்கள்.

"சத்தமாச் சொல்லாதிய, மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் போலீசு" என்றான் தம்பி.

அன்றைக்கு இலஞ்சியிலிருந்து தென்காசி வரை நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அதிலிருந்தே உங்களுக்குக் காரணம் தெரியும் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நம் புறவாசலுக்கு ஆள் வரத் தொடங்கியது. தவசுப்பிள்ளை சொல்லி நாலு பேர், அவர்கள் சொல்லி நாலு பேர். சுரண்டைச் சந்தையில் காய்க்கடை வைத்திருப்பவர்கள், வாழைத்தார் வெட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இறக்குவீர்கள், நான் மூடுவேன். யாராவது விவரம் கேட்டு, நான் மோர்ச் செம்போடு அங்கே வந்து நின்றால், நீங்கள் உடனே ஜெர்மனிக்குப் போய்விடுவீர்கள். சண்டை முடிந்து ஜெர்மனி தோற்றபிறகும் நம் வீட்டில் அது தோற்கவில்லை. ஐந்தாறு வருஷம் இதைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிந்தது. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். இன்னாரிடம் கேட்டேன் என்று ஒரு வார்த்தை. நீங்கள் படுத்த படுக்கையாக இருந்த கடைசி வாரத்தில்கூட, கஞ்சியை ஆற்றிக்கொண்டே, இப்போதாவது சொல்வீர்களா என்று காத்திருந்தேன். நீங்கள் கஞ்சியில் உப்பு இல்லை என்றீர்கள். அதற்கு மறுநாள் போய்விட்டீர்கள்.

புரட்டாசியில் காரியமெல்லாம் முடிந்து உறவெல்லாம் போனபிறகு, சுரண்டையிலிருந்து ஒரு காய்க்கடைக்காரர் வந்தார். கறுத்த, நெட்டையான மனிதர். நீங்கள் அவருக்கு மட்டும் எட்டுக் கத்தி செய்து கொடுத்திருக்கிறீர்கள். துக்கம் கேட்டார். கொஞ்ச நேரம் துண்டைத் திருகிக்கொண்டு இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆச்சி, நான் ரெண்டு கத்தி அடிச்சு வச்சிருக்கேன். தோய்ச்சல் போடணும். நீங்க கூட நின்னு சொல்லித் தருவியளா?"

"எனக்கு என்ன தெரியும்? அவுகல்லா செஞ்சாக" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னுமா ஆச்சி? அண்ணாச்சிதான் போயிட்டாகளே. இனிச் சொன்னா என்ன? தொட்டி ஒங்க யோசனை, எண்ணெயச் சூடு பண்ணது நீங்க, மணல்ல போட்டது நீங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். சந்தைக்கு வந்தா அண்ணாச்சிக்கு வேற பேச்சே கெடையாதே. அதிரசம் சுடுத கணக்கு, கத்தி நீந்தணும்ங்கது, எல்லாம் சொல்லுவாக. 'ஆனா ஒரு வார்த்த, அவ முன்னால மூச்சு விட்ராதிய. அப்புறம் வீட்டுல நம்ம பாடு திண்டாட்டம்'னு சொல்லிச் சிரிப்பாக. அதுக்குத்தான் ஆச்சி நாங்க ஒங்களப் பாத்தாலே வாய மூடிக்கிடுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில், வந்த மனிதர் முன்னால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் முதலில் பயந்து, பிறகு சிரித்தார். சிரிப்பு நின்றபிறகு வந்தது சிரிப்பு இல்லை. அது அடங்கும் மட்டும் அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கத்திகளோடு வந்தார். நான் மூடியை எடுத்து எண்ணெயில் விரல் வைத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வருகிறார்கள். அவர்கள் குறட்டைப் பிடிக்கிறார்கள், நான் பக்கத்தில் நின்று எப்போது என்று சொல்கிறேன். வேலை முடிந்தபிறகு ஒருவரையும் உடனே விடுவதில்லை. கை கழுவச் சொல்லி, முற்றத்தில் உட்காரவைத்து, மோர் கொடுக்கிறேன். "அவுக வேற என்ன சொன்னாக?" என்று கேட்கிறேன். ஒருவர் என் கத்தரிக்காய்ப் பொரியலைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர், நான் திட்டும்போது எப்படித் திட்டுவேன் என்று நீங்கள் நடித்துக் காட்டியதைச் சொன்னார். நடிப்பில் நிறைய மிகை இருந்திருக்கிறது. அதற்கு உங்களை விடுவதாக இல்லை.

சுரண்டைச் சந்தையில் நீங்கள் வழக்கமாக வந்து உட்கார்ந்து பேசும் கடைகள் இன்னும் மூன்று இருக்கிறதாம். அந்தக் கடைக்காரர்களையும் அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.